சுருதி நின்ற பிறகு

அடி அண்ணாமலை
20.07.2025

மதிப்பிற்குரிய சாம்பவி மேடம்,

வணக்கம். இப்படிக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது. வாட்ஸ்அப்பில் எழுதினால், நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று நீலக் கோடு விழுந்ததுமே எழுதியதை அழித்துவிடுகிறேன். கடிதம் என்றால் நீங்கள் எப்போது படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

நீங்கள் வாசித்துப் பழக அறை எடுக்கும் கெஸ்ட்ஹவுஸில் வரவேற்பில் உட்காரும் தென்றல்தான் எழுதுகிறேன். நேற்று எங்கள் கஸ்தூரி அத்தை உங்கள் விழாவில் ஒப்பாரி பாட முடியாது என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் கோபப்படாமல் போனீர்கள். அதனால்தான் எழுதத் தோன்றியது.

"பொணம் எங்க? யாருக்குப் பாடறது? சும்மா பாடுனா அந்தப் பாட்டு யாரு ஊட்டு வாசல்லயாவது போயி நிக்கும். நீ செத்தா சொல்லு தங்கச்சி, மெட்ராஸுக்கே வந்து பாடறேன்" என்று அத்தை சொன்னது கேலி மட்டும் இல்லை. எங்கள் பக்கம் ஒப்பாரிக்கு முறை இருக்கிறது. செத்தவரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பாட்டு தொடங்கும். எப்படிப் பிறந்தார், எப்படி வளர்ந்தார், எப்படிப் போனார் என்று வரும். ஆள் இல்லாமல் பாட முடியாது.

இன்னொன்றும் உண்டு. சாவு வீட்டில் பாடுகிறவள் என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பெரியப்பா செத்தபோது, வரப்பைத் தள்ளிப்போட்ட அவருடைய இன்னொரு தம்பியை அத்தை பேர் சொல்லியே பாடினார். அவர் அங்கேயே துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார். மறுநாள் அவரும் அத்தையும் ஒரே கடையில் டீ குடித்தார்கள். அந்தச் சொல் பிணத்தோடு போய்விட்டது என்று கணக்கு.

நான் சொல்ல வந்தது இதுதான். அத்தையின் மகன் வல்லரசு இரண்டு வருடம் முன்பு ஒரு லாட்ஜ் கட்டட வேலையில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தான். என்னைவிடச் சின்னவன். குடித்துவிட்டு ஏறினான் என்று போலீஸ் காகிதத்தில் இருக்கிறது. முதலாளி அன்று ஊரிலேயே இல்லை, வந்தவாசியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார் என்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். வீட்டு வாசலில் இறக்கவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் பாடும் அத்தை அவனுக்கு மட்டும் பாடவில்லை. நீங்கள் பாடச் சொல்லாமல், வல்லரசுக்காகப் பாடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நானும் கேட்கிறேன்.

பஸ் ஹாரனைக் கேட்டதும் "இது காந்தாரம், கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றீர்களே, நீங்கள் போனபிறகும் அத்தை அதைச் சொல்லிச் சிரித்தார். "பஸ்ஸு கூட அவளுக்குப் பாடிக்கினு போவுதுடி!"

இப்படிக்கு,
தென்றல்


சென்னை
29.07.2025

அன்புள்ள தென்றல்,

முதலில், மேடம் வேண்டாம். அக்கா என்று எழுது. என் கச்சேரிக்கு வரும் மாமாக்கள் மேடம் என்று கூப்பிடுவதே போதும்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அன்று உங்கள் அத்தை முனகிக் காட்டினாரே, நாலே சுரம், அதற்குள் எவ்வளவு போக்கு! செங்கம் ரோட்டில் தங்கியிருக்கும் அந்த ஈரான்காரர் வாசிப்பதும் அதே இடத்தைத் தொடுகிறது. நான் நினைக்கும் விழாவே இதுதான். தேவாரப் பண், கூத்துப் பாட்டு, ஒப்பாரி, ஈரான் ராகம், நான் புதிதாகச் செய்தவை, எல்லாம் ஒரே சுருதியின் மேல், ஒரே நாளில், ஊர்க்காரர்களுக்கு முன்னால். சபா வேண்டாம், டிக்கெட் வேண்டாம். நான் பிறந்த ஊருக்கு இதைச் செய்யாமல் எத்தனை வருஷம் சென்னையில் பாராட்டு வாங்கிக்கொண்டிருப்பது?

பள்ளிக்கூடத்து மைதானம் கிடைக்கவில்லை. ஆனால் நல்லதே நடந்திருக்கிறது. ராஜமாணிக்கம் என்று ஒருவர், அவரே கூப்பிட்டுத் தன் கல்யாண மண்டபத்தை வாடகையில்லாமல் தருகிறேன் என்றார். செப்டம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. அன்று அஷ்டமி, யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பாடுகிறவர்களுக்கெல்லாம் அவரே பொன்னாடை போர்த்துவார்.

அத்தை ஆறு பாட்டு பாடட்டும். நான் பின்னால் வயலினில் மெல்லத் தொடர்கிறேன். கிரீஷ் மட்டும் ஒலிப்பதிவு செய்வான். கேட்க வருகிறவர்கள் போனை அணைத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லப் போகிறேன். நீ மேடையில் என்னோடு இருக்க வேண்டும். டம்ளர் கழுவப் போகக் கூடாது.

சாம்பவி


அடி அண்ணாமலை
05.08.2025

அன்புள்ள சாம்பவி அக்கா,

அத்தை ஒத்துக்கொண்டார். வல்லரசு பேரை எடுத்ததும் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தார். பிறகு, "மைக்கு வச்சிப் பாடறதா? அப்போ அவனுக்குக் கேக்கும்" என்றார். புடவை எது கட்டுவது என்றுகூடக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

எல்லாம் உங்கள் முயற்சி. இதைச் சொல்வது சரியா என்று தெரியவில்லை. ராஜமாணிக்கம் அவர்களின் லாட்ஜில்தான் வல்லரசு வேலை செய்தான். அதனால் மண்டபம் வேறு எங்காவது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் ஏற்பாடு செய்தபடியே இருக்கட்டும். உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும்.

ஈரான்காரர் நேற்று வரவேற்பில் உட்கார்ந்து என் பேரை உச்சரிக்கப் பழகினார். "தென்ட்ரால்" என்கிறார். மின்வாரிய சாமான் மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
தென்றல்


சென்னை
19.09.2025

தென்றல்,

நாலு நாளாக நான் யாருடைய போனையும் எடுக்கவில்லை. உன்னுடையதையும். ஒரு மணி அடித்ததுமே நீ வைத்துவிட்டதும் தெரியும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? முதல் வரிசையில் நடுவில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருக்கிற மனிதரை வைத்துக்கொண்டு இப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? ஐந்து பாட்டு வரை நான் வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை. ஆறாவதில் அவர் பேர் வந்ததும் என் வில் நின்றுவிட்டது. உன் அத்தை மட்டும் நிற்கவில்லை.

பழஞ்சோறு தின்னுட்டு என் ராசா
பச்சத்தண்ணி குடிச்சிப் போன
பாட்டில் வாட அடிச்சதுன்னு
பழி எழுதி வச்சாங்களே

கம்பி தூக்கப் போனியே என் கண்ணே
கரண்டு கம்பி கண்டியா
கீழ நின்ன ராஜமாணிக்கம்
கிட்ட வந்து தொட்டானா

இதைக் கிரீஷின் பதிவிலிருந்து கேட்டு எழுதினேன். அது சங்கீதம் என்று எனக்குத் தெரியும். அது புகார் என்றும் தெரியும். நான் சங்கீதத்துக்குத்தான் மேடை போட்டேன்.

அந்த மனிதர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் மேடைக்கு வந்து உன் அத்தைக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தக் கண்ணியம் எல்லோருக்கும் வராது. ஆனால் புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசியிருக்கிறார். "சாமி, பொண்ணு நல்லாதான் பண்ணுது. ஊரு விஷயம்தான் தெரியல. அந்த ரெக்கார்ட வச்சிக்கினு இன்னா பண்ணப்போவுது?" அப்பா கோயிலில் குருக்கள். எழுபது வயதுக்கு மேல். "சாம்பவி, நீ மெட்ராஸ்ல இருப்பே. நான் இந்த ஊர்லேதாண்டி இருந்தாகணும்" என்று போனில் சொன்னார்.

ஆறாவது பாட்டை எடுத்துவிட்டு மற்ற ஐந்தை மட்டும் விழாவின் பேரில் வெளியிடப் போகிறேன். விழா அடுத்த வருஷமும் நடக்க வேண்டும். நீ புரிந்துகொள்வாய்.

சாம்பவி


அடி அண்ணாமலை
28.09.2025

அன்புள்ள அக்கா,

நான் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி எழுதினேன். மெதுவாக எழுதினேன். பரவாயில்லை என்றும் சேர்த்து எழுதினேன். அதனால் அது சொன்னது ஆகாதோ என்னவோ. எங்கள் வீட்டில் யாரும் பெரியவர்களிடம் இதைவிடச் சத்தமாகச் சொல்லிப் பழகவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். விழா முடிந்த வாரம், மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தை வாசலில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். சத்தம் போடவில்லை.

"கஸ்தூரி, சாவுல சொல்லியிருந்தா நான் கேட்டுகினு போயிருப்பேன். மண்டபத்துலயும் வாயத் தொறக்காமதான கேட்டேன்? ஆனா பொணத்துக்கு முன்னாடி சொன்னது பொணத்தோட போயிரும். இது மிஷின்ல நிக்குது. எம்பேரன் பெருசானா போட்டுக் கேப்பான்."

"கேக்கட்டுமே" என்றார் அத்தை. பூவிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இதுக்கு மேல நான் வரமாட்டேன். வேற ஆளுங்கதான் வருவாங்க."

"வரட்டும். எம்புள்ளைய எடுத்துகினு போனப்பவும் வேற ஆளுங்கதான் வந்தாங்க."

அவர் போய்விட்டார். வேறு ஆட்கள் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கெஸ்ட்ஹவுஸில் என்னை இனி வர வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை. அவர்களாகவும் சொல்லவில்லை. பௌர்ணமிக்கு அத்தை பூவும் கற்பூரமும் வைத்து விற்கும் இடத்தில், மலை சுற்றும் ரோட்டு ஓரத்தில், வேறு ஒருவர் கீற்றுக் கொட்டகை போட்டுவிட்டார்.

அதைவிட இன்னொன்று. போன வாரம் தெற்குத் தெருவில் கண்ணாயிரம் தாத்தா இறந்தார். அத்தையை யாரும் கூப்பிடவில்லை. போய் வாசலில் நின்றார். பெண்கள் வட்டத்தில் இடம் விடவில்லை. "கல்யாண மண்டபத்துல பாடுனவ. உசுரோட இருக்கறவன் பேர வச்சிப் பாடுனவ. இங்க இன்னா வேலை?" என்று ஒருத்தி சொன்னாள். அத்தை திரும்பி வந்து அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து தொண்டை கட்டினமாதிரி பேசுகிறார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். முதல் ஐந்து பாட்டும் அத்தை எல்லோருக்கும் பாடுவது. தாலாட்டினது, பள்ளிக்கூடம் போனது, மாலை வாடினது. பேரை மட்டும் மாற்றிப் பாடுவார். கண்ணாயிரம் தாத்தாவுக்கும் அதுதான் வந்திருக்கும். ஆறாவதுதான் வல்லரசு. அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பதில் அவன் எங்கே இருக்கிறான்?

பொன்னாடை போர்த்தும்போது ராஜமாணிக்கம் குனிந்து அத்தையிடம் ஏதோ சொன்னாரே, கிரீஷ் அண்ணன் பதிவில் அது இருக்கிறதா? நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

இப்படிக்கு,
தென்றல்


சென்னை
10.10.2025

தென்றல்,

நீ எழுதியதை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருக்கிறாய். படிக்கும்போது அது கண்ணில் படவில்லை.

உன் வேலை போனது வருத்தம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில், இங்கே சென்னையில், சொல்லிப் பார்க்கிறேன்.

ஐந்து பாட்டும் வெளியாகிவிட்டது. நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் எழுதுகிறார்கள். அத்தையின் பேர் போட்டிருக்கிறேன். நீ கேட்ட பகுதி பதிவில் இல்லை. பாட்டு முடிந்ததும் கிரீஷ் நிறுத்திவிட்டான். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் தெரியாது. நான் அப்போது சுருதிப் பெட்டியை அணைக்கத் திரும்பியிருந்தேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

ராத்திரியில் சில சமயம் அந்த ஆறாவது பாட்டின் மேல்சுரம் தானாக வருகிறது. வயலினை எடுத்தால் கை அங்கே போகிறது. எடுக்காமல் இருக்கிறேன்.

அடுத்த வருஷ விழாவுக்கு அதே மண்டபத்தைத் தருவதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார். தயவு செய்து இதைப் பற்றி இனி எழுதாதே.

சாம்பவி


அடி அண்ணாமலை
02.11.2025

அன்புள்ள சாம்பவி அக்கா,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும். இது கடைசி.

அத்தை நீங்கள் வெளியிட்டதைக் கேட்டார். பக்கத்து வீட்டு அருணாதேவி தன் போனில் போட்டுக் காட்டினாள். ஐந்தாவது முடிந்ததும் அத்தை அடுத்ததற்குக் காத்திருந்தார். போனைத் தட்டிப் பார்த்தார். "நின்னுடுச்சாடி?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்று அருணாதேவி சொன்னாள். அத்தை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஆறாவது பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டேன். வரவில்லை. நடிக்கவில்லை அக்கா, உண்மையாகவே சொற்கள் நினைவில் இல்லை. "அது அன்னிக்கு வந்தது. எனக்குச் சொந்தமா?" என்கிறார். யாருக்காவது நினைவிருக்கிறதா என்று, அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் போய்ப் பார்த்தேன். நான் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பேசினேன் என்றால் உங்களால் நம்ப முடியாது. எல்லோரும் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார்களாம். அத்தனை பேருக்கு எந்தக் கடையில் டீ போட்டார்களோ.

வல்லரசோடு கம்பி தூக்கிய முருகையன்தான் உண்மையை அத்தையிடம் சொன்னவர். மேலே மின்கம்பி போகிறது, அதை மாற்றும்வரை இரும்பைத் தூக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியும், முதலாளி கீழே நின்று தூக்கச் சொன்னாராம். இப்போது முருகையன் ஓசூரில் இருக்கிறார். போனை எடுப்பதில்லை.

போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் கூட்டத்துக்குப் போனேன். மனுவில் எழுதியதை வாயால் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். ராஜமாணிக்கம் அன்று வந்தவாசியில் இல்லை, கட்டடத்துக்குக் கீழே நின்றிருந்தார், அதை அவரே தன் வாயால் சொன்னார், நான் கேட்டேன் என்றேன். அங்கிருந்த அதிகாரி அம்மா நல்லவிதமாகத்தான் பேசினார். "நீ சொந்தக்காரப் பொண்ணும்மா. உங்கத்தைக்காகச் சொல்றன்னுதான் எழுதுவாங்க. வேற யாராவது கேட்டாங்களா? உங்க மனுஷங்க இல்லாதவங்க யாராவது?"

உங்கள் பேரைச் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று வந்துவிட்டேன்.

அக்கா, அன்று நான் பொன்னாடைத் தட்டோடு நின்றேன். உங்கள் சொல்படி டம்ளர் கழுவப் போகவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அத்தை பாடி முடித்தார். நீங்கள் குனிந்து சுருதிப் பெட்டியை அணைத்தீர்கள். மண்டபத்தில் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. அதன் பிறகுதான் அவர் மேடை ஏறினார். படியில் கால் இடறியது. பொன்னாடையை விரித்து அத்தையின் தோளில் போட்டார். அவர் குனிந்து சொன்னார்: "நான் கீழதான் நின்னேன்மா. பாத்துத் தூக்குன்னுதான் சொன்னேன். மன்னிச்சிடு."

அவர் அந்த நேரத்தில் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அத்தையின் பாட்டுக்கு எதிரே நின்ற யாரும் பொய் சொன்னதில்லை. வெளியே வந்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்திருக்கும்.

அத்தை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நடுவில் அவர். "மன்னிச்சிடு" என்ற சொல் வந்ததும் நீங்கள் கண்ணை மூடினீர்கள். பிறகு தலையைத் திருப்பி, முன்பே அணைத்துவிட்ட பெட்டியின் பொத்தானை இன்னொரு முறை அமுக்கினீர்கள். அது ஏற்கெனவே நின்றிருந்தது அக்கா.

ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொன்ன காது உங்களுடையது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவை நினைத்தீர்கள். எனக்கும் அப்பா இருக்கிறார். நான் மனு கொடுத்ததிலிருந்து அவர் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

சென்னையில் வேலை வேண்டாம். ஆறாவது பாட்டை வெளியிடச் சொல்லியும் கேட்கவில்லை. பாட்டைச் சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கும் தெரிகிறது. அத்தையின் பேரை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அதே மண்டபத்தில் விழா நடத்துங்கள், அதுவும் உங்கள் விருப்பம்.

ஒன்றே ஒன்றுதான். எழுதத் தொடங்கும்போதே இதைத்தான் கேட்க நினைத்தேன். கேட்க முடியாமல் இவ்வளவு எழுதியிருக்கிறேன். பதினேழாம் தேதி திங்கட்கிழமை என்னை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீங்கள் வந்து, அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தென்றல்